கிணறில்லாத மோட்டார் ரூம்

துடியலூரில் அந்த வீதியில் ரூபனைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் ஒன்றைத்தான் சொல்வார்கள்: வீடு கட்டுவதற்கு முன்னால் கக்கூஸ் கட்டிய ஆள். முப்பது வருசத்துக்கு மேலாகச் சொல்லிச் சொல்லி அந்தக் கேலி ஒரு விலாசம் மாதிரி ஆகிப்போனது. கொரியர் கொண்டு வருகிறவனுக்குக்கூட அப்படித்தான் வழி சொல்வார்கள். "நேராப் போங்க. கேட்டுக்குப் பக்கத்துல கக்கூஸ் ஒண்ணு தனியா நிக்கும். அதுதான் பெயிண்டர் ஊடு."

ரூபன் பம்பு கம்பெனியில் பெயிண்டராக இருந்தவர். வார்ப்பிலிருந்து வரும் மோட்டார்களுக்கு நீலமும் பச்சையும் அடித்து முப்பத்தோரு வருசம் போனது. கேலிக்கு அவர் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. பதில் சொல்கிறவள் அவர் மனைவி மெர்சிதான். அவள் இருந்தவரை யாராவது வாயைத் திறந்தால், "ஆமாங்க, எனக்காகக் கட்டுனாரு. உங்க ஊட்டுக்காரரு உங்களுக்கு என்ன கட்டுனாருங்க?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள். அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாள். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

ரூபன் பெண் பார்க்கப் போனது பவானிக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் கரை ஊருக்கு. தொண்ணூற்றி ஒன்றாம் வருசம். டீ டம்ளரை நீட்டியபடியே அந்தப் பெண் நேராகக் கேட்டாள்.

"ஏனுங்க, உங்க ஊட்டுல கக்கூஸ் இருக்குதுங்களா?"

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவளுடைய அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். ரூபனுக்குக் காது சூடாகியது. துடியலூரில் மூன்று சென்ட் இடம் இருக்கிறது, இன்னும் வீடே கட்டவில்லை என்று உண்மையைச் சொன்னார்.

"ஊடு பொறவு கட்டிக்கலாமுங்க. அதை முதல்ல கட்டுங்க. கட்டிப்போட்டுச் சொல்லியுடுங்க, வாரேன்."

ஏன் என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னாள். அவர்கள் தெருவில் ஒரு வீட்டிலும் கிடையாது. விடியும் முன்னால் பெண்கள் எல்லாரும் வாய்க்கால் மேட்டுக்குப் போவார்கள். ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகளும் டிராக்டர்களும் அந்த மேட்டை ஒட்டியே வரும். வெளிச்சம் வந்தால் அத்தனை பேரும் சட்டென்று எழுந்து நிற்க வேண்டும். வண்டி போன பிறகு உட்கார வேண்டும். அடுத்த வண்டி வரும்.

"நின்னு நின்னேதானுங்க நான் வளந்தேன்," என்றாள் மெர்சி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

சர்ச்சில் ஆராதனை முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ரூபன் தனியாகவே கட்டினார். குழி வெட்ட மட்டும் ஆள் வைத்தார். கதவுக்கு மரம் வாங்கவில்லை. மோட்டார் அடைத்து வரும் பேக்கிங் பெட்டிப் பலகைகளைக் கம்பெனியில் கேட்டு வாங்கி அடித்துச் சேர்த்தார். அந்தப் பலகைகளில் நனையாமல் வைக்கச் சொல்லும் குடைப்படமும், உடையாமல் தூக்கச் சொல்லும் கண்ணாடி டம்ளர் படமும், மேல்பக்கம் காட்டும் அம்புக்குறிகளும் கறுப்பு மையில் இருந்தன. அம்பு ஒன்று கீழே பார்த்தபடி ஆகிவிட்டது. மெர்சி வந்த முதல் நாளே அதைக் கண்டுபிடித்துவிட்டாள். "இந்த அம்பு மட்டும் சரியான பக்கந்தானுங்க காட்டுது," என்றாள்.

அன்று அவள் உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டு அரைமணி நேரம் வெளியே வரவில்லை. ரூபனுக்குப் பயம் வந்துவிட்டது. போய்க் கதவைத் தட்டினார்.

"என்னாச்சு மெர்சி? ஒடம்புக்கு ஏதாச்சும்...?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மா உக்காந்திருக்கறேன்."

"சும்மாவா?"

"யாரும் வரமாட்டாங்கல்லங்க. அதான் உக்காந்து பாக்கறேன்."

அப்புறம் இரண்டு வருசம் கழித்துத்தான் வீடு எழும்பியது. அதுவரை தகரக் கொட்டகையில் குடித்தனம். கக்கூஸ் அப்போது இடத்தின் கடைக்கோடியில், வீட்டுக்குப் பின்புறம், பொடக்காலி மூலையில் இருந்தது. வண்டிப்பாதை மேற்கே. வீட்டு வாசலும் மேற்கே. எல்லாம் முறையாகத்தான் இருந்தது. தொண்ணூற்றி எட்டில் கிழக்கே இருந்த சோளக்காட்டை மனையாகப் பிரித்தார்கள். தார் ரோடு அந்தப் பக்கமாக வந்தது. மேற்குப் பாதையை யாரோ மதில் எழுப்பி அடைத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் ரூபன் வீட்டு வாசலைக் கிழக்கே திருப்பினார். பொடக்காலி முன்வாசலாக மாறியது. கக்கூஸ் கேட்டுக்குப் பக்கத்தில் வந்து, வீட்டுக்கு வரும் ஒறம்பரையை வரவேற்பது மாதிரி நின்றது.

அதுவும் ஈசானிய மூலையில். தண்ணீர்த் தொட்டியோ சாமி படமோ இருக்க வேண்டிய மூலை. அந்த வீதியில் எந்த வீட்டில் காய்ச்சல் வந்தாலும், மாடு கன்று போடாவிட்டாலும், பழி அந்த மூலைக்குத்தான் வந்து சேரும். பழி சொன்ன பெண்களே காலையில் மூடி போட்ட வாளியோடு வந்து வரிசையில் நிற்பார்கள். அந்த வீதியில் அப்போது எட்டு வீடு, ஒரே கக்கூஸ். மெர்சி யாரையும் வேண்டாமென்று சொன்னதில்லை. வருகிறவர்கள் போகும்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான் அவள் சட்டம். எதிர்வீட்டு மாரியாத்தாள் நிறைமாதத்தில் ஒருநாள் உள்ளேயிருந்து எழுந்திருக்க முடியாமல் கூப்பாடு போட்டு, மெர்சி போய்த் தூக்கிவிட்டாள். அன்று ராத்திரியே மாரியாத்தாளுக்குப் பெண் பிறந்தது.

காலம் மாறி எல்லார் வீட்டுக்குள்ளும் டைல்ஸ் போட்ட பாத்ரூம் வந்தது. ரூபன் வீட்டுக்குள்ளும் வந்தது. வெளியே இருந்ததைப் பூட்டிப் பதினைந்து வருசத்துக்கு மேலாகிறது. ஆனாலும் பொங்கலுக்குப் பொங்கல் மெர்சி அதற்குச் சுண்ணாம்பு அடிக்காமல் விட்டதில்லை. சங்குப்பூக் கொடி ஒன்றை அதன்மேல் ஏற்றிவிட்டிருந்தாள்.

இப்போது அன்புக்கரசிக்கு மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. ரூபனின் மூத்த மகள். அவளும் அந்தப் பையன் மாசாணமும் ஒரே லேபில் ரத்தப் பரிசோதனை வேலை பார்க்கிறவர்கள். பையனுக்கு அப்பா இல்லை. அவன் அம்மா பழனாத்தாள் உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து இன்னும் மூன்று வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீடு பார்த்து உறுதி பேச வருகிறாள் என்று தகவல் வந்தது.

தகவல் வந்த அன்றே கௌதமன் ஆரம்பித்துவிட்டான். இளையவன். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை.

"ஏனுங்ப்பா, ஜேசிபிக்குச் சொல்லீட்டனுங்க. ஒரு மணி நேர வேலை. இடிச்சுத் தள்ளிப்போட்டுப் பேவர் கல்லுப் போட்டுட்டா காரு நிறுத்திக்கலாம்."

ரூபன் எழுந்து போய்ச் சங்குப்பூக் கொடிக்குத் தண்ணீர் விட்டார். காலையில்தான் விட்டிருந்தார்.

"அப்பா, நீங்க பேசாம இருந்தா எப்படீங்க? அந்தம்மா கேட்டைத் தொறந்ததும் கக்கூஸு மேலதான் முழிக்கணுமா? சாமி கும்புடறவங்க. மூலை, திசை எல்லாம் பாப்பாங்க. ஸ்கூல்ல என்னை என்ன பேருல கூப்புட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? பன்னெண்டாவது வரைக்கும் கக்கூஸ் கௌதமன்."

தெரியாது. மெர்சிக்குத் தெரிந்திருக்கும். அவள் சொன்னதில்லை.

"உங்கம்மா ஞாபகமா இருக்கறது அது ஒண்ணுதான் கண்ணு," என்றார் ரூபன் மெதுவாக. "போட்டோ இருக்குது, சீலை இருக்குது. எல்லாம் அவ உடுத்துனது, எடுத்துக்கிட்டது. அவ வாயைத் தொறந்து எங்கிட்டக் கேட்டது அது ஒண்ணுதான்."

கௌதமன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் ஜேசிபிக்காரனை வேண்டாம் என்று சொல்லவில்லை.

வழி கண்டுபிடித்தது அன்புக்கரசி. மறுநாள் போனை எடுத்துக்கொண்டு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதில் சில படங்களைக் காட்டினாள். எந்த நாட்டுத் தோட்டமோ. பழைய கோழிக்கூண்டு, ஓட்டைப் படகு, மரக் கக்கூஸ் எல்லாவற்றையும் இடிக்காமல் வர்ணம் அடித்துப் பூச்செடி வைத்து விளையாட்டு வீடு மாதிரி ஆக்கியிருந்தார்கள். சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட ஒரு குட்டி வீடு. கூரை முனையில் ஒரு மணி.

"இதும் கக்கூஸா அம்மணி?"

"ஆமாங்ப்பா."

"கக்கூஸுக்கு எதுக்கு மணி?"

"உள்ள ஆளிருக்குதுன்னு அடிக்கறதுக்கா இருக்கும்." அவள் சிரித்தாள். "தம்பிகிட்ட நான் பேசிக்கறேன். அழகா இருந்துச்சுன்னா அவன் ஏன் இடிக்கறான்? நீங்க பெயிண்டருதானே? அடிங்க."

ரூபன் எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக பிரஷ்களை எடுத்து மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். விரிசல் விட்ட சிமெண்ட் ஷீட்டைக் கழற்றி, வெயில் உள்ளே இறங்கும்படி பைப்புகளைக் குறுக்கே வைத்துக் கொடியை அதன்மேல் படரவிட்டார். கழித்துப் போட்ட இம்பெல்லர்களைக் கம்பெனிக் காலத்திலேயே ஒரு சாக்கு நிறைய சேர்த்து வைத்திருந்தார். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்; இதழ் இதழாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் அடித்துச் சுவரில் முடுக்கினார். இரும்புப் பூக்கள். அன்புக்கரசி உள்ளே பீங்கானில் செம்மண் நிரப்பிப் பத்துமணிப் பூச்செடி நட்டாள். கால் வைக்கும் இடம் இரண்டிலும் இரண்டு சின்னத் தொட்டி. கதவுக்கு நீலம். குடைப்படமும் டம்ளர் படமும் அம்பும் நீலத்துக்குள் போயின. அடிக்கும்போது ரூபனுக்குக் கை ஒருமுறை நின்றது. அடித்துவிட்டார்.

சுவருக்குப் படத்தில் பார்த்த மாதிரியே பட்டை பட்டையாக; சிவப்புக்குப் பதில் காவி, இடையில் வெள்ளை. பைப் முனையில் ஒரு பித்தளை மணி.

மறுநாள் காலை ஏழு மணிக்கு டெம்போ அங்கப்பன் அந்த வழியாக வந்தார். தினமும் வருகிறவர்தான், ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பியிருந்தார். ரூபன் கேட்டுக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அங்கப்பன் வண்டியை நிறுத்தினார். இறங்கினார். செருப்பைக் கழற்றினார். கண்ணை மூடிக் கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, காம்பவுண்டுக்கு மேலே கையை நீட்டி மணியை ஒரு அடி அடித்தார்.

எதிர்வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த மாரியாத்தாள் கோலப்பொடிக் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

"அங்கப்பண்ணா, நல்லா வேண்டிக்கிட்டீங்களா?"

"புதுசாக் கட்டீருக்காங்களே அம்மிணி, கருப்பராயனா, மாசாணியம்மனா?"

"அது மெர்சி கக்கூஸுங்கண்ணா!"

அங்கப்பன் செருப்பைக் காலில் மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு வண்டி ஏறிவிட்டார். மாரியாத்தாள் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்ண்ணா, காவிப்பட்டை போட்டு மணியும் கட்டுனா ஊருல பின்ன என்ன நெனப்பாங்க? சர்ச்சுக்குப் போறவருக்கு இது கூடவா தெரியாது?"

ரூபனும் சிரித்தார். ஆனால் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு சிரிப்பு வரவில்லை. காவிப்பட்டை எங்கே இருக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. போனில் பார்த்ததையே பார்த்துக்கொண்டு அடித்ததில் அது புத்தியில் படவில்லை. அதுகூடப் பெரிதில்லை. பத்து வருசமாக அந்தக் கக்கூஸைத் தினமும் பார்த்துப் போன மனிதனுக்கே இன்று அது என்னவென்று தெரியவில்லை.

அன்றே மணியைக் கழற்றி, பட்டைகளின் மேல் மஞ்சள் அடித்தார். மஞ்சள் சுவர், நீலக் கதவு, இரும்புப் பூக்கள். வீதியில் போகிற பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். கௌதமனுக்கே பிடித்துவிட்டது. ஜேசிபிக்காரனுக்கு வேண்டாமென்று போன் செய்தான். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தான்.

"அவங்க கேட்டா மோட்டார் ரூமுன்னு சொல்லுங்ப்பா. பழைய மோட்டார் ரூம், அழகு பண்ணி வெச்சிருக்கறோம். அவ்வளவுதான்."

"மோட்டார் ரூமுன்னா கெணறு இருந்திருக்கணுமே கண்ணு."

"இருந்துச்சுன்னு நெனச்சுக்கட்டுமே. நல்லதுதானே."

நமக்கேது கிணறு என்று ரூபன் கேட்க நினைத்தார். அவருடைய அப்பாவும் தாத்தாவும் ஊரில் உள்ள கிணறுகளையெல்லாம் வெட்டியவர்கள், தூர் எடுத்தவர்கள். ஒன்றுகூட அவர்களுடையதல்ல. ஆனால் பையன் பன்னிரண்டு வருசம் சுமந்த பெயரும் அவர் காதிலேயே இருந்தது. கட்டடம் நிற்கிறதே, அது போதும் என்று, "சரி," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வேன் வந்து நின்றது. மாசாணம் முதலில் இறங்கி அம்மாவுக்குக் கை கொடுத்தான். பழனாத்தாள் ஒல்லியான அம்மாள். வெயிலில் காய்ந்த முகம், காதில் சின்னத் தோடு. கேட்டுக்குள் இரண்டடி வைத்தவள் மஞ்சள் சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அடேயப்பா. என்னுங்க இது, பூவு பூவா?"

கௌதமன் முந்திக்கொண்டான். "பழைய மோட்டார் ரூமுங்க. அப்பா அழகு பண்ணியிருக்காரு."

"அப்படீங்களா." பழனாத்தாள் கழுத்தை நீட்டி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாள். "கெணறு எங்கீங்க?"

"மூடிட்டமுங்க."

"எத்தனை அடிங்க?"

கௌதமன் அப்பாவைப் பார்த்தான். "அது... எண்பது இருக்குமுங்க."

"எண்பதடிக்கு இவ்வளவு குட்டியா ரூமு?" அவளுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது; குற்றம் பிடிக்கிற குரல் இல்லை. "சுச்சுப் பொட்டி மாட்டறதுக்கே எடம் பத்தாதுங்களே. தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. தோப்புக் காவலுக்கு இருந்தவங்க நாங்க. மோட்டார் ரூமுலயேதான் பதினோரு வருசம் குடியிருந்தோம். இவன் நடை பழகுனதே அதுக்குள்ளதான். எத்தனை ஏச்பி மோட்டாருங்க போட்டிருந்தீங்க?"

கடைசிக் கேள்வியை அவள் ரூபனைப் பார்த்துக் கேட்டாள்.

ஏழரை என்று ஒரு வார்த்தை போதும். முப்பத்தோரு வருசத்தில் எத்தனையோ ஆயிரம் ஏழரைக்கு அவர் வர்ணம் அடித்திருக்கிறார். வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. வாசலில் அன்புக்கரசி பட்டுப்புடவையில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் பயம் தெரிந்தது. இந்த அம்மாள் திரும்பிப் போய்விட்டால் அது தன்னால்தான் என்பது அவருக்குத் தெரிந்தது. ஏழரை என்று சொல்லிவிட்டால், மெர்சி கேட்டது என்று இந்த உலகத்தில் ஒன்றுமே இருக்காது என்பதும் தெரிந்தது.

"மோட்டார் ரூம் இல்லீங்க," என்றார். "கக்கூஸுங்க."

கௌதமன் கண்ணை மூடிக்கொண்டான்.

"எங்க ஊட்டுக்காரி கேட்டா. கக்கூஸ் கட்டுனாத்தான் கட்டிக்கறேன்னு சொன்னா. அதைத்தானுங்க முதல்ல கட்டுனேன். ஊடு பொறவுதான். அப்ப இது பொடக்காலி. ரோடு இந்தப் பக்கமா வந்ததுல முன்னால வந்துபோச்சு. எங்களுக்குக் கெணறெல்லாம் கெடையாதுங்க. பையன் கூச்சப்பட்டு அப்படிச் சொல்லீட்டான். அவனை ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

வேனில் வந்திருந்த இரண்டு மூன்று பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்வாசலில் மாரியாத்தாள் முறத்தோடு அசையாமல் நின்றாள். பழனாத்தாள் நீலக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த வருசமுங்க கட்டுனீங்க?"

"தொண்ணூத்தி ஒண்ணு."

"தொண்ணூத்தி ஒண்ணா?" அவள் திரும்பி மகனைப் பார்த்தாள். "டேய், நமக்கு எப்ப வந்துது?"

"நான் பன்னெண்டாவது படிக்கறப்பங்ம்மா."

"ம்." அவள் போய்க் கதவைத் தள்ளித் திறந்தாள். பீங்கான் முழுக்கப் பத்துமணிப் பூ, பெயருக்கு ஏற்றபடி விரிந்து, சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாக வழிந்துகொண்டிருந்தது. பழனாத்தாள் ஒரு நிமிசம் பார்த்தாள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"அந்தம்மாவைப் பாக்கக் குடுத்து வெக்கலீங்களே," என்றாள். பிறகு அன்புக்கரசியைக் கையசைத்து அருகில் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தியும் எல்லாருக்கும் கேட்டது. "அம்மணி, இதுல பூவை நட்டுப்போட்டீங்க. நான் எங்க போறது? உடுமலையிலிருந்து அடக்கிக்கிட்டு வாரேன். ரெண்டரை மணி நேரமாச்சு. வழியில ஆம்பளைங்க நாலெடத்துல எறங்குனாங்க."

"வாங்கத்தை, உள்ளாற இருக்குது," என்று அன்புக்கரசி அவள் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

ஆண்கள் வாசலில் நின்றார்கள். யாருக்கும் யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. மாசாணம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரூபன் திறந்து கிடந்த கதவைச் சாத்தப் போனார், சாத்தாமல் விட்டார்.

பழனாத்தாள் முகம் கழுவிக்கொண்டு வந்து கூடத்தில் விரித்திருந்த ஜமக்காளத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ரூபனைப் பார்த்து, "தையில வெச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டாள்.

"உங்க சௌகரியமுங்க," என்றார் ரூபன்.

கௌதமன் முறுக்குத் தட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். முகம் இன்னும் சிவந்திருந்தது. பழனாத்தாள் ஒரு முறுக்கை எடுத்து இரண்டாக ஒடித்துப் பாதியை அவன் கையில் கொடுத்தாள்.

"எண்பதடியா தம்பி?" என்றாள். "கெணறு மூடுனது மூடுனதாவே இருக்கட்டும். சாப்புடுங்க."